குறி தவறினால் யார் குற்றம்?

1860ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி, லண்டனை ஒட்டிய விம்பிள்டன் திடலில் விக்டோரியா மகாராணி ஒரு ரைஃபிளைச் சுட்டார். துப்பாக்கியைத் தோளில் அணைத்து, கண்ணை இடுக்கிக் குறி பார்த்துச் சுட்டதல்ல அது. ரைஃபிள் ஏற்கெனவே ஓர் இயந்திரத் தாங்கியில் பூட்டப்பட்டிருந்தது. 400 கஜத்துக்கு அப்பால் நின்ற இலக்கை நோக்கி அதை முன்கூட்டியே சரிபார்த்து நிறுத்தியிருந்தார்கள். விசையோடு இணைத்த பட்டுக் கயிற்றை மகாராணி இழுத்தார். குண்டு நடுப்புள்ளியிலிருந்து ஓரிரு அங்குலத்துக்குள் போய்ப் பதிந்தது. முந்தைய ஆண்டு பிறந்த பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி அந்த ஒரு வெடியோடு தொடங்கியது.

கூட்டம் மகாராணிக்குக் கை தட்டியது. உண்மையில் அந்தக் கைதட்டலுக்கு உரியவை தாங்கியும் அதன்மேல் கிடந்த துப்பாக்கியும்தான்.

ஒரு புதிய ரைஃபிள் எவ்வளவு துல்லியமானது என்று அறிய வேண்டுமானால் மனிதனை முதலில் அதிலிருந்து விலக்க வேண்டும். இலக்குத் தாளில் விழும் ஒவ்வொரு ஓட்டையிலும் பல பேரின் பங்கு இருக்கிறது. சுடுபவரின் மூச்சு, நாடித் துடிப்பு, விசையை இழுத்த விரல், குழலின் தரம், குண்டின் எடை, மருந்தின் அளவு, அந்த நொடியில் வீசிய காற்று என்று எல்லாமே அந்த ஓர் ஓட்டைக்குள் கலந்துவிடுகின்றன. குறி தவறினால் குற்றம் யாருடையது? இதைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாக மனிதர்கள் மெனக்கெட்டிருக்கிறார்கள். அவர்களில் முதன்மையானவரின் உயிர் பிரிந்தது நம் கடலூரில்.

பெஞ்சமின் ராபின்ஸ் 1707இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். குடும்பம் குவேக்கர் பிரிவைச் சேர்ந்தது. போரையே ஏற்காத அந்தச் சமயப் பிரிவிலிருந்து வந்தவர் துப்பாக்கிகளின் கணக்கில் இறங்கினார். 1742இல் பீரங்கிக் கலையைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. மூன்றே ஆண்டுகளில் கணித மேதை ஆய்லர் அதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோய், தன் விளக்கங்களையும் சேர்த்து வெளியிட்டார்.

ராபின்ஸுக்கு முன் பறக்கும் குண்டின் வேகத்தை நம்பகமாக அளக்க வழியில்லை. அவர் கனத்த மரக்கட்டை ஒன்றை ஊசல்போலத் தொங்கவிட்டார். குண்டு கட்டையில் புதைந்ததும் கட்டை பின்னோக்கி ஆடும். அதோடு இணைத்த நாடா எவ்வளவு நீளம் இழுபட்டது என்று பார்த்தால் ஆட்டத்தின் அளவு தெரியும். அதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஊசலை அருகில் வைத்தும் தள்ளி வைத்தும் சுட்டபோது, காற்று குண்டை எவ்வளவு கடுமையாக இழுத்துப் பிடிக்கிறது என்பதும் முதன்முறையாக எண்களில் தெரிந்தது. அறிஞர்கள் அதுவரை அந்த எதிர்ப்பைப் பெரிதாக மதித்ததில்லை.

அவருடைய இன்னொரு சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அக்காலத் துப்பாக்கிகளின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும். உருண்டை ஈயக் குண்டு குழலின் வாயைவிடக் கொஞ்சம் சிறியது. சுட்டவுடன் அது உட்சுவரில் அங்குமிங்கும் முட்டிக்கொண்டு வந்து, கடைசியில் எந்தப் பக்கம் உரசியதோ அதற்கேற்ற சுழற்சியோடு வெளியேறும். இந்தத் தாறுமாறான சுழற்சிதான் குண்டை வழிதவறச் செய்கிறது என்று ராபின்ஸ் சந்தேகித்தார். அதை நிரூபிக்க ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை இடப்பக்கமாக வளைத்துவிட்டார். குண்டு போகும் வழியில் மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தினார்.

வளைந்த குழலில் சுட்டால் குண்டு இடப்பக்கம்தான் போகும் என்று யாரும் சொல்வார்கள். முதல் திரையில் இடப்பக்கமே ஓட்டை விழுந்தது. ஆனால் வளைவின் வலச் சுவரை உரசிக்கொண்டு வந்த குண்டு, அந்த உரசலில் பெற்ற சுழற்சியால் காற்றில் மெல்ல வலப்பக்கம் திரும்பியது. தூரம் கூடக்கூடக் கோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்கே போய்விட்டது. ராபின்ஸ் எதிர்பார்த்ததும் அதைத்தான். கண்ணுக்குத் தெரியாத குண்டின் பாதையைக் காகித ஓட்டைகளை வைத்துப் படிக்கலாம் என்ற வழி அப்படித்தான் உறுதிப்பட்டது.

சுழற்சியைத் தடுக்க முடியாது. ஆனால் அதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவரலாம். குழலின் உட்சுவரில் திருகுபோல வரிகள் வெட்டினால், குண்டு தான் போகும் திசையையே அச்சாகக்கொண்டு சுழலும். ரைஃபிள் என்பது இந்த வரிகளைக் கொண்ட துப்பாக்கிதான். ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் அதை ஏற்கெனவே கையாண்டு வந்தார்கள். அது ஏன் நேராகச் சுடுகிறது என்பதை 1747இல் ராயல் சொசைட்டியில் ராபின்ஸ் விளக்கினார். இதை முழுதாகப் புரிந்துகொண்டு தன் படைக்குத் தரும் நாடு மற்ற நாடுகளை மிஞ்சிவிடும் என்றும் அவர் முன்கூட்டியே சொன்னார். கேட்டவர்கள் அதைச் செயலில் கொண்டுவர ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குள் ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கப்பலேறிவிட்டார். 1750 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் கோட்டையையும் சென்னைக் கோட்டையையும் வலுப்படுத்தத் திட்டங்கள் தீட்டினார். காய்ச்சல் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29 அன்று அதே கோட்டையில் இறந்தார், வயது 44. கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்த அறிக்கையோடு, கையில் பேனா இருந்தபடியே உயிர் பிரிந்தது என்று சொல்வார்கள். உலகக் கோப்பைப் போட்டிகளில் ஏர் ரைஃபிள் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் பிறந்ததும் இதே கடலூரில்தான். அந்த ஊரில் ராபின்ஸின் பெயரை இன்னும் பல பேர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரு நூறாண்டு தாண்டுவோம். 1854இல் ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் பிரிட்டன் இறங்கியிருந்தது. படைக்கு லட்சக்கணக்கில் ரைஃபிள்கள் தேவைப்பட்டன. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள் அப்போதுதான் வந்திருந்தது. ஒன்றுபோல இன்னொன்று அமையவில்லை. ஒரு துப்பாக்கி நன்றாகச் சுடும், அடுத்தது சுடாது. காரணம் கேட்டால் துப்பாக்கி செய்பவர்களிடம் ஆளுக்கொரு பதில் இருந்தது. தலைமைத் தளபதி ஹார்டிங் பிரபு, துப்பாக்கியே செய்து பழகாத ஒருவரிடம் போனார்.

அவர் மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த். திருகாணிகளின் மரைக்கு நாடு முழுவதற்கும் பொதுவான அளவை 1841இல் முன்வைத்தவர். ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தையும் காட்டும் அளவுக் கருவியைச் செய்தவர். அளக்க முடியாததைத் திருத்த முடியாது என்பது அவருடைய தொழில் அனுபவம். எனவே துப்பாக்கி செய்யச் சொன்னவர்களிடம் அவர் முதலில் கேட்டது ஒரு கட்டடம்.

மான்செஸ்டரில் தன் வீட்டை ஒட்டி, அரசுப் பணத்தில், 500 கஜ நீளத்தில் கூரையும் சுவர்களும் உள்ள ஒரு சுடுகூடத்தை எழுப்பினார். ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளமுள்ள அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு முனையில் தாங்கியில் பூட்டிய துப்பாக்கி, மறுமுனையில் இலக்கு, நடுவே வரிசையாக மெல்லிய காகிதத் திரைகள். காற்று உள்ளே வராது. திறந்தவெளியில் சுட்டால் காற்றின்மீது பழி போடலாம், தோளில் வைத்துச் சுட்டால் ஆள்மீது பழி போடலாம். இங்கே இரண்டுக்கும் இடமில்லை. கட்டி முடித்த கொஞ்ச நாளிலேயே புயல் அதைச் சாய்த்துவிட்டது. விட்வொர்த் மறுபடி கட்டி, 1855இல் சோதனையைத் தொடங்கினார்.

அவர் செய்த விதம் இன்றைக்கும் பாடமாக வைக்கத் தக்கது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவார். குழலின் வரி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எத்தனை அங்குலம் எடுக்கலாம்? என்ஃபீல்டில் அது 78 அங்குலம். விட்வொர்த் 60 அங்குலத்தில் ஒரு சுற்று, 30இல் ஒன்று, 20இல் ஒன்று, 10இல் ஒன்று, 5இல் ஒன்று என்று குறைத்துக்கொண்டே போனார். ஓர் அங்குலத்துக்கே ஒரு சுற்று உள்ள குழலையும் விட்டுவைக்கவில்லை. சுழற்சி குறைந்தால் நீளமான குண்டு, வேகம் தளர்ந்த பம்பரம் தலையாட்டுவதுபோல ஆடத் தொடங்கும். திரைகளில் விழுந்த ஓட்டைகளின் வடிவமே அதைக் காட்டிக்கொடுத்தது. நிமிர்ந்து போன குண்டு வட்டமாகத் துளைத்தது. ஆடிக்கொண்டு போன குண்டு நீள்வட்டமாகக் கிழித்தது.

கடைசியில் அவர் தேர்ந்தது 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் குறுக்களவை என்ஃபீல்டின் 0.577 அங்குலத்திலிருந்து 0.451 அங்குலமாகக் குறைத்தார். குண்டின் எடையில் கை வைக்கவில்லை, 530 கிரெயினாகவே விட்டார். அதே எடை ஒடுங்கிய குழலுக்குள் போக வேண்டுமானால் குண்டு நீண்டாக வேண்டும். நீண்ட குண்டு காற்றைக் கிழித்துப் போகும், ஆனால் அதற்கு வேகமான சுழற்சி வேண்டும். ஒன்றோடொன்று பிணைந்த இந்தக் கணக்கை அவர் காகித ஓட்டைகளிலிருந்து படித்தெடுத்தார். குழலின் உள்வடிவத்தை வட்டமாக விடாமல் அறுகோணமாக்கினார். குண்டும் அதே அறுகோணத் திருகில் வார்க்கப்பட்டது.

1857 ஏப்ரலில் இரண்டு துப்பாக்கிகளும் கென்ட் கடற்கரையில் உள்ள ஹைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் மோதின. அங்கே மதிப்பெண் போட்ட முறையையும் சொல்ல வேண்டும். இலக்கின் நடுப்புள்ளிக்கு எத்தனை அருகில் என்று அவர்கள் பார்க்கவில்லை. விழுந்த எல்லா ஓட்டைகளுக்கும் பொதுவான ஒரு நடுவைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒவ்வோர் ஓட்டையும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளந்து, சராசரி எடுத்தார்கள். துப்பாக்கி இடம் தள்ளிச் சுட்டால் பார்வைக் குறியைத் திருத்திக்கொள்ளலாம். சிதறிச் சுட்டால் திருத்த வழியில்லை. புதிய ரைஃபிளைச் சோதிப்பவர்கள் இன்றும் முதலில் பார்ப்பது இதைத்தான். சுடுதளத்தில் இதற்குப் பெயர் ‘குரூப்’.

500 கஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி. விட்வொர்த்தினுடையது 0.37 அடி. அதாவது 27 அங்குலத்துக்கு எதிரே நாலரை அங்குலம். தூரம் கூடக்கூட இடைவெளி பெருகியது. 1,400 கஜத்தில் என்ஃபீல்டு இலக்கைத் தொடவே இல்லை. விட்வொர்த் அப்போதும் சுட்டுக்கொண்டிருந்தது.

அதே மாதங்களில் அதே என்ஃபீல்டு ரைஃபிள் இந்தியாவில் வேறொரு சோதனையில் சிக்கியிருந்தது. அதன் தோட்டா உறையில் பூசிய கொழுப்பு பசுவினுடையதா, பன்றியினுடையதா என்ற பேச்சு 1857 ஜனவரியில் டம்டம் முகாமில் கிளம்பியது. மார்ச்சில் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியைத் தூக்கினார். மே மாதம் மீரட் பற்றியெரிந்தது. ஹைத்தில் அங்குலக் கணக்கு எழுதியவர்களின் தாளில், அந்தத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டிய மனிதனுக்கு இடமே இருந்ததில்லை.

அந்தக் கலவரக் காலத்தில் முங்கேர் நகரைக் காக்க உதவிய ரயில்வேப் பொறியாளர் ஒருவர் இருந்தார்: வில்லியம் மெட்ஃபோர்டு. உடல்நலம் கெட்டு நாடு திரும்பியவர், விட்வொர்த்தின் ஆழமான அறுகோணத்துக்கு மாறாக, ஆழம் குறைந்த வரிகளே போதும் என்று 1860களில் காட்டினார். பின்னாளில் வந்த லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் இருப்பது அவர் பெயர்தான். சிந்துப் பகுதியின் ஜேகபாபாதில் தளபதி ஜான் ஜேகப் தன் கைப்பணத்தைப் போட்டு, பாலைவெளியில் 2,000 கஜ தூரம்வரை தானே துப்பாக்கிகளைச் சோதித்துவந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான்.

ஹைத்தில் வென்ற விட்வொர்த்தின் துப்பாக்கியைப் படை வாங்கவில்லை. ஒடுங்கிய குழலில் மருந்துக் கரி சீக்கிரம் அடைத்துக்கொள்கிறது, விலையும் பல மடங்கு என்றார்கள். இரண்டும் பொய்யல்ல. சேற்றில் படுத்து நாள் முழுக்கச் சுட வேண்டிய சிப்பாய்க்குச் சுடுகூடத்தின் அரசன் உதவாமல் போகலாம். ஆனாலும் அந்த 500 கஜக் கூடம் சொன்ன உண்மை வீணாகவில்லை. 1871இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றி ரைஃபிளின் குழல் 0.45 அங்குலம், வரி 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று, உள்வடிவம் ஏழு பட்டை. விட்வொர்த்தின் எண்களுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது பாருங்கள்.

போட்டிக்காரர்கள் அவரை உடனே புரிந்துகொண்டார்கள். விம்பிள்டனில் மகாராணி கயிற்றை இழுத்தது விட்வொர்த் ரைஃபிளின் விசையைத்தான். அந்த முதல் போட்டியில் 250 பவுண்டு பரிசை எட்வர்டு ராஸ் என்ற இளைஞர் வென்றார்.

அமெரிக்காவில் அளவுக் கருவி இன்னும் எளிமையானது: ஒரு நூல். நடுப்புள்ளியிலிருந்து முதல் ஓட்டைவரை நூலைப் பிடிப்பார்கள். விட்ட இடத்திலிருந்தே அடுத்த ஓட்டைக்கு, பிறகு அதற்கடுத்ததற்கு. எல்லா ஓட்டைகளையும் அளந்த பிறகு மொத்த நூல் யாருக்குக் குட்டையோ அவரே வென்றவர். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது ஹைரம் பெர்டன் குறிபார்த்துச் சுடுபவர்களின் படையைத் திரட்டினார். சேர வருபவருக்கு வைத்த தேர்வும் நூல் தேர்வுதான். 200 கஜத்தில் பத்து குண்டு. மொத்த நூல் 50 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதே போரில் எதிர்த்தரப்பினர் விட்வொர்த் ரைஃபிள்களை வரவழைத்துத் தங்கள் குறிகாரர்களிடம் கொடுத்தார்கள். காகிதத்தில் நாலரை அங்குலம் என்று எழுதப்பட்ட எண், களத்தில் முகம் தெரியாத தூரத்திலிருந்து ஒரு மனிதனைத் தேடி வந்தது. துல்லியத்தின் வரலாற்றை எழுதும் எவரும் இந்தப் பக்கத்தைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

போர் முடிந்த பிறகு அதே திறமை பந்தயத்துக்குத் திரும்பியது. 1873இல் பிரிட்டனின் எல்கோ கேடயத்தை வென்ற அயர்லாந்து அணி அமெரிக்காவுக்குச் சவால் விட்டது. அயர்லாந்துக்காரர்களிடம் டப்ளினின் ரிக்பி செய்த, வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரைஃபிள்கள் இருந்தன. நீண்ட தூரப் போட்டிக்கென்று அமெரிக்காவில் துப்பாக்கியே இல்லை. ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களும் சில மாதங்களில் புதிய ரைஃபிள்களை உருவாக்கின. இரண்டுமே பின்பக்கம் தோட்டா போடும் வகை. ரெமிங்டனின் ரைஃபிளை வடிவமைத்த ஹெப்பர்ன் தாமே அணியிலும் இடம்பிடித்தார். செய்தவரே தன் துப்பாக்கியை நம்பி ஊர் முன்னால் படுக்க வேண்டிய நிலை!

1874 செப்டம்பர் 26. நியூயார்க் அருகே லாங் ஐலண்டின் கிரீட்மூர் சுடுதளம். அணிக்கு ஆறு பேர். 800, 900, 1,000 கஜம் என்று மூன்று தூரங்களிலும் ஆளுக்குப் பதினைந்து குண்டுகள். நடுவில் பட்டால் 4 புள்ளி. அமெரிக்காவின் ஃபுல்டன் மொத்தம் 180க்கு 171 எடுத்தார். அயர்லாந்தின் மில்னர் ஒரு குண்டை அழகாக நடுவில் இறக்கினார். ஆனால் அது பக்கத்து இலக்கின் நடு! விதிப்படி அதற்குப் பூஜ்யம். கடைசி குண்டு மிச்சம் இருந்தபோது அயர்லாந்து 931, அமெரிக்கா 930. சுட வேண்டியவர் கர்னல் போடீன். சற்று முன்தான் இஞ்சிச் சோடாப் புட்டி ஒன்று கையில் உடைந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்தார், சுட்டார். நடுவில் பட்டது. 934க்கு 931.

புதிய துப்பாக்கிகள் பழையவற்றை வென்றன என்று அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. நிதானமாகப் பார்த்தால் இந்தப் போட்டி அதை நிரூபிக்கவில்லை. மில்னர் சரியான பலகையைப் பார்த்திருந்தால் அயர்லாந்து 935. துப்பாக்கியின் தரத்தை ஆட்களைக் கொண்டு அளந்தால் இப்படித்தான் ஆகும்: நூற்றுக்கணக்கான கஜம் போய்ச் சேர்ந்த குண்டுக்கும் பூஜ்யம் கிடைக்கும்.

இந்தக் குழப்பத்தைச் சகிக்க முடியாதவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டில் இருந்த டாக்டர் ஃபிராங்க்ளின் மேன். கோழித் தீவனத்துக்கு எலும்பு வெட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்து விற்றதில் அவருக்கு நல்ல வருமானம். அந்தப் பணத்தையும் பல பத்தாண்டு உழைப்பையும் அவர் ஒரே கேள்வியில் கொட்டினார்: ஒரே துப்பாக்கி, ஒரே மருந்து, ஒரே வார்ப்பில் எடுத்த குண்டு. அப்படியிருந்தும் இரண்டு குண்டுகள் ஏன் ஒரே ஓட்டையில் போகவில்லை?

தன் வீட்டுச் சுடுதளத்தில் தரைக்குள் ஆழமாக இறங்கிய கான்கிரீட் தூண் ஒன்றை எழுப்பி, அசையாத மலையின் நினைவில் ‘ஜிப்ரால்டர்’ என்று பெயர் வைத்தார். அதன்மேல் ‘வி’ வடிவப் பள்ளம் கொண்ட தாங்கி. துப்பாக்கியின் கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, குழலைச் சுற்றி உருளை வடிவ வளையங்கள் பொருத்தி, அந்தப் பள்ளத்தில் கிடத்துவார். சுட்டதும் குழல் நேராகப் பின்னே வழுக்கும். மறுபடி தள்ளினால் பழைய இடத்திலேயே வந்து அமரும். தோளும் இல்லை, கன்னமும் இல்லை.

பிறகு குண்டுகளை வேண்டுமென்றே கெடுத்தார். சிலவற்றின் மூக்கைச் சப்பையாக்கினார். சிலவற்றின் அடிப்பாகத்தின் ஓரத்தைச் சீவிவிட்டார். சிலவற்றின் விலாவில் துளை போட்டு எடையை ஒரு பக்கம் சாய்த்தார். யாரும் எதிர்பார்ப்பது மூக்குடைந்த குண்டு கோணலாகப் போகும் என்பதுதான். அது ஏறக்குறைய ஒழுங்காகவே போனது. அடிப்பாகம் கெட்ட குண்டுதான் வழிதவறியது. குழலின் வாயை விட்டு வெளியேறும் கணத்தில் குண்டின் அடியில் எந்தப் பக்கம் சிதைந்திருக்கிறதோ, அந்தப் பக்கம் வாயு முந்திக்கொண்டு பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடுகிறது. விலாவில் துளையிட்ட குண்டுகளில் இன்னும் வியப்பான செய்தி கிடைத்தது. துளை எப்போதும் மேல்பக்கம் இருக்கும்படி போட்டுச் சுட்டால் எல்லாம் ஒரே இடத்தில் கூடின. துளையைக் கீழ்ப்பக்கம் திருப்பிச் சுட்டால் எதிர்ப்பக்கம் போய்க் கூடின. அதுவரை அதிர்ஷ்டம் என்று பேசப்பட்ட சிதறலுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கையால் திருப்பவும் முடிந்தது. இதையெல்லாம் 1909இல் மேன் நூலாக வெளியிட்டார். தோட்டாக்களைச் சோதிக்கும் கூடங்களில் பயன்படும் கனத்த குழலுக்கு இன்றும் ‘மேன் பேரல்’ என்றுதான் பெயர்.

மேன் சோதித்த குழல்களில் பல ஹாரி போப் என்ற கைவினைஞர் வெட்டியவை. போப் ஒரு குழலில் வரி வெட்டுவதைக் கையாலேயே, நிதானமாகச் செய்வார். 1901 மே 16 அன்று கொலராடோவின் போல்டர் நகரில் ரோலண்டு என்பவர், போப்பின் குழலை மேசைத் தாங்கியில் வைத்து 200 கஜத்தில் பத்து குண்டு சுட்டார். மிகத் தள்ளிப்போன இரண்டு ஓட்டைகளின் நடுக்களுக்கு இடையே 0.725 அங்குலம். பத்து ஓட்டைகளின் நடுக்களும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கிவிடும் அளவு. பல பத்தாண்டுகள் அதைத் தாண்டிச் செல்ல ஆளில்லை.

பத்து என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். மூன்று குண்டு சுட்டு மூன்றும் ஒட்டிக்கொண்டதும் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. மூன்று குண்டு ஒன்றாக விழுவது தற்செயலாகவும் நடக்கும். பத்து, இருபது, நாற்பது என்று போகும்போதுதான் துப்பாக்கி தன் உண்மைச் சுபாவத்தைக் காட்டும். விட்வொர்த்தும் மேனும் சலிக்காமல் செய்தது இந்தத் திரும்பத் திரும்பச் சுடும் வேலையைத்தான். அவர்கள் மேல் எனக்குள்ள மதிப்பில் பாதி அந்தப் பொறுமைக்கு உரியது.

இன்றைய ஒலிம்பிக் வீரர்களுக்கும் இதே வேலை இருக்கிறது. 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். அதைத் துளைக்கப் போகும் குண்டே 5.6 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் துப்பாக்கி தன் பங்குக்குச் சில மில்லிமீட்டர் சிதறினாலே வீரரின் உழைப்பு போய்விடும். அதனால் ஈலி, லாப்புவா போன்ற தோட்டா நிறுவனங்கள் தங்கள் சோதனைக் கூடங்களை வீரர்களுக்குத் திறந்துவிடுகின்றன. புதிய ரைஃபிள் வாங்கியவர் அதைத் தூக்கிக்கொண்டு அங்கே போவார். குழலைக் கட்டையிலிருந்து கழற்றிக் கனத்த பிடிப்பானில் இறுக்குவார்கள். மேனின் வீட்டுத் தூண் இங்கே உருக்கு மேடையாக மாறியிருக்கிறது. காகிதத் திரைகளின் இடத்தில் ஒவ்வொரு குண்டின் இடத்தையும் உடனுக்குடன் திரையில் காட்டும் மின்னணு இலக்கு.

சோதிக்கப்படுவது அங்கே துப்பாக்கி மட்டுமல்ல, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உள்ள பொருத்தம். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஒரே விலை. ஆனாலும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு இயந்திரத்தில் தயாரான தோட்டாக்களுக்கு வெவ்வேறு லாட் எண். ஒரு குழலுக்கு அமுதமாக இருக்கும் லாட், பக்கத்துக் குழலில் சிதறும். லாட்டை மாற்றும்போதெல்லாம் முதலில் சில குண்டுகளை வீணாகச் சுட்டுத் தள்ளுவார்கள். முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலில் மிச்சமிருந்தால் புதியதின் குணம் தெரியாது. பிறகு பத்துப் பத்தாகச் சுட்டு, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பார்கள். மிகச் சிறிய வட்டத்துக்குள் அடங்கிய லாட் எது என்று தெரிந்தவுடன், அந்த எண்ணில் கிடைக்கும் தோட்டாக்களை ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுவார்கள். தீர்ந்துவிட்டால் அதே லாட் மறுபடி வராது.

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற பிரிவு இது. இதன் ஈயக் குண்டுகளைத் தலையின் குறுக்களவை வைத்து 4.48, 4.49, 4.50 மில்லிமீட்டர் என்று பிரித்து விற்கிறார்கள். எது தன் குழலுக்கு ஒத்துப்போகும் என்பதைப் பிடிப்பானில் வைத்துச் சுட்டுப் பார்த்தால் ஒழிய யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ரைஃபிள் மறுபடி மனிதனின் தோளுக்கு வருகிறது. பிடிப்பானில் கிடந்தபோது குண்டு விழுந்த இடமும், கன்னம் கட்டையில் அழுந்தி, வார் கையை இறுக்கியபின் விழும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. போட்டிக்கு முன் தரப்படும் 15 நிமிடத்தில் வீரர்கள் எத்தனை குண்டு வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம், புள்ளி கிடையாது. அரங்கில் பார்த்தால் ஒவ்வொருவரும் ஒரு குண்டு சுட்டுத் திரையைப் பார்ப்பார்கள், பின்பார்வைக் குமிழை ஓரிரு சொடுக்குத் திருப்புவார்கள், மறுபடி சுடுவார்கள். குரூப் நடுவுக்கு நகர்ந்து வந்ததும் சிலர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் மணி அடிக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.